மூக்கு எலும்பு முறிவை லோக்கலில் நிமிர்த்துவது: முதல் பரிசோதனை முதல் பிளாஸ்டர் கழற்றும்வரை

இது இ.என்.டி. போஸ்டிங்கில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் புதிதாகச் சேர்ந்த பி.ஜி.க்களுக்கும். சீனியர் ஒருவர் பக்கத்தில் நிற்க, மைனர் தியேட்டரில், மூக்கை மட்டும் மரத்துப்போக வைத்து (லோக்கல் என்பது அதுதான்), கத்தி வைக்காமல், உடைந்த மூக்கெலும்பைப் பழைய இடத்துக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் விஷயம். அடிபட்டவராகவோ அவருடன் வந்தவராகவோ இருந்து படிப்பவர்களுக்கு 2, 4, 6, 13 ஆகிய பகுதிகள் உதவும். வீட்டிலேயே கட்டைவிரலால் அழுத்தி நேராக்கிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம்.

புதியவர்கள் ஃபோர்செப்ஸ் பிடிப்பதில்தான் தடுமாறுவார்கள் என்று நினைப்போம், ஆனால் எலும்பு நகர ஒரு நிமிடம்கூட ஆகாது. தடுமாற்றமெல்லாம் அதற்கு முன்னால் காத்திருக்க வேண்டிய இடங்களில்தான் வருகிறது. வீக்கம் வடியக் காத்திருக்க வேண்டும், உள்ளே வைத்த பேக் (மூக்குக்குள் வைக்கும் பஞ்சு) மூக்கை மரத்துப்போக வைக்கக் காத்திருக்க வேண்டும், ஊசி போட்ட பிறகு இன்னொரு முறை காத்திருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றைச் சுருக்கினாலும் நோயாளி கத்துவார், நீங்கள் பாதியில் கையை எடுப்பீர்கள், மூக்கு கோணலாகவே நின்றுவிடும்.

1. முதலில் மூக்கை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்

பைக்கிலிருந்து விழுந்தவருக்கு மூக்கு மட்டும் உடைந்திருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. மயங்கினாரா, வாந்தி எடுத்தாரா, கழுத்து வலிக்கிறதா என்று கேட்டுவிட்டு அப்புறம் முகத்துக்கு வாருங்கள். பார்வை தெளிவாக இருக்கிறதா, ஒன்று இரண்டாகத் தெரிகிறதா, கண்ணை எல்லாப் பக்கமும் அசைக்க முடிகிறதா, பல்லைக் கடித்தால் பழையபடி சேர்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அடிக்கண் விளிம்பையும் கன்ன எலும்பையும் விரலால் தடவிப் பாருங்கள்.

இரண்டு விஷயம் கண்ணில் பட்டால் லோக்கல் என்ற பேச்சையே நிறுத்திவிடலாம். ஒன்று, மூக்கின் வேர் உள்ளே அமுங்கி, இரு கண்களின் உள்முனைகளுக்கு நடுவே இடைவெளி அகன்று போயிருப்பது. அது வெறும் மூக்கெலும்பு முறிவு இல்லை, கண்குழிச் சுவரும் இரு கண்களுக்கு நடுவே உள்ள எத்மாய்டு எலும்பும் சேர்ந்து நொறுங்கியிருக்கிறது, சி.டி. எடுக்க வேண்டும், முழு மயக்கத்தில் திறந்து தட்டு வைத்துச் சரிசெய்ய வேண்டிய கேஸ். இன்னொன்று, மூக்கிலிருந்து தண்ணீர்போல் தெளிவாக வடிவது. முன்னால் குனிய வைத்தால் சொட்டு கூடுகிறதா, தொண்டையில் உப்புக் கரிக்கிறதா என்று பாருங்கள். மூக்கின் கூரைக்கு மேலே சல்லடை மாதிரி மெல்லிய எலும்பு ஒன்றுதான் மூளைக்கும் நமக்கும் நடுவே இருக்கிறது. அது உடைந்து மூளைத் தண்டுவட நீர் கசிகிறது என்ற சந்தேகம் இருக்கும்போது உள்ளே பேக்கும் போகக்கூடாது, கருவியும் போகக்கூடாது.

ரத்தம் வந்துகொண்டிருந்தால் உட்கார வைத்து, தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மென்மையான கீழ்ப்பாதியைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தலையைப் பின்னால் சாய்த்தால் ரத்தம் வயிற்றுக்குப் போகும், பிறகு வாந்தியாக வரும்.

2. செப்டத்தில் ரத்தக்கட்டு இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்

எலும்பு ஒரு வாரம் காத்திருக்கும், இது காத்திருக்காது. மூக்கின் நடுச்சுவரான செப்டத்தில் உள்ள குருத்தெலும்புக்குத் தனியாக ரத்த ஓட்டம் கிடையாது. மேலே ஒட்டியிருக்கும் சவ்விலிருந்துதான் அது பிழைக்கிறது. சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே ரத்தம் தேங்கினால் அந்த வழி அடைபட்டு, சில நாட்களில் குருத்தெலும்பு அழுகத் தொடங்கும், சீழும் பிடிக்கும், கடைசியில் மூக்கு நடுவில் பள்ளமாக இறங்கிவிடும். அந்த மூக்கை மறுபடி கட்டுவது பெரிய ஆபரேஷன்.

பார்ப்பது சுலபம். ஹெட்லைட் போட்டு, மூக்குத்துளையை விரித்துப் பிடிக்கும் தூடிகம் ஸ்பெக்குலம் வைத்து, உறைந்த ரத்தத்தை சக்‌ஷனில் எடுத்துவிட்டு இரு பக்கமும் பாருங்கள். செப்டம் இருபுறமும் செந்நீலமாகப் புடைத்து நின்றால், பஞ்சு சுற்றிய குச்சியால் மெல்லத் தொடுங்கள். வளைந்த செப்டம் ஒரு பக்கம் புடைத்தால் மறுபக்கம் குழிந்திருக்கும், தொட்டால் கெட்டியாக இருக்கும். ரத்தக்கட்டு அமுங்கும், மூக்கடைப்புச் சொட்டு மருந்து போட்டாலும் சுருங்காது. கண்ணால் மட்டும் பார்த்து ‘டீவியேஷன்’ (செப்டம் வளைவு) என்று எழுதிவிட்டுப் போவதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. கட்டாயம் தொட்டுப் பாருங்கள்.

ரத்தக்கட்டு இருந்தால் அன்றைக்கே திறந்துவிட வேண்டும். சிரிஞ்சில் உறிஞ்சினால் மட்டும் போதாது, பெரும்பாலும் மறுபடி நிறையும். கீழ்ப்பகுதியில் ஒரு வெட்டு, உள்ளே இருப்பதை முழுக்க எடுப்பது, இரு மூக்கிலும் பேக், ஆன்டிபயாட்டிக், மறுநாள் மறுபார்வை. இருபுறமும் வெட்ட வேண்டியிருந்தால் ஒன்றுக்கொன்று நேர் எதிராக வெட்டாதீர்கள், செப்டத்தில் ஓட்டை விழும்.

3. ஏ.ஆர்., எக்ஸ்ரே, பழைய போட்டோ

அடிதடியோ விபத்தோ, ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போட்டாயிற்றா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். இந்திய தண்டனைச் சட்டத்தில் 320-ஆம் பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 116. அதனால் காயச் சான்றிதழில் நீங்கள் எழுதும் ஒரு வரி இரண்டு தரப்புக்கும் முக்கியம். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எலும்பு நறநறவென்று நகர்கிறதா, தோலில் காயம் எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் நிமிர்த்துவதற்கு முன்பே எழுதுங்கள். நிமிர்த்திய பிறகு எழுத அடையாளமே இருக்காது.

எக்ஸ்ரே இந்தச் சான்றிதழுக்காகத்தான் பெரும்பாலும் தேவைப்படுகிறது, சிகிச்சைக்கு அல்ல. பக்கவாட்டுப் படத்தில் எலும்பில் இயல்பாக ஓடும் கோடுகளே முறிவுபோலத் தெரியும், குருத்தெலும்போ படத்தில் விழவே விழாது. நிமிர்த்துவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது இரண்டே கேள்விகள்தான்: மூக்கின் வடிவம் மாறியிருக்கிறதா, மூச்சு விடுவது அடைபட்டிருக்கிறதா. இரண்டும் இல்லையென்றால், படத்தில் கோடு தெரிந்தாலும் தொட வேண்டாம்.

அடுத்து பழைய போட்டோ. இதைத் தவறாமல் கேளுங்கள். ஆதார் அட்டையில் இருக்கும் படத்தை வைத்துச் சொந்த அம்மாவாலேயே அடையாளம் காண முடியாது, அதை விடுங்கள். செல்போனில் இருக்கும் கல்யாண போட்டோவோ நேராகப் பார்த்து எடுத்த செல்ஃபியோ போதும். செல்ஃபியில் சில போன்கள் இடவலம் மாற்றிவிடும், நெற்றி வகிட்டையோ மச்சத்தையோ பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பலருக்குச் சின்ன வயதிலேயே மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அவர்களே கவனித்திருக்க மாட்டார்கள். அந்தப் பழைய கோணலை இன்றைக்கு நிமிர்த்த முடியாது. அது தெரியாமல் இறங்கினால், இல்லாத நேர்க்கோட்டைத் தேடி மூன்று நான்கு முறை இழுத்துக்கொண்டிருப்பீர்கள். பிறகு நேராக, இரு பக்கவாட்டில், கீழிருந்து மேலாக என்று இன்றைய படங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. எந்த நாளில் செய்வது

அடிபட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள், வீக்கம் ஏறுவதற்கு முன்பே வந்துவிட்டால் அப்போதே செய்யலாம். ஆனால் அப்படி வருபவர் குறைவு. மற்றவர்களை ஐஸ் ஒத்தடம், தலையை உயர்த்திப் படுப்பது, வலி மாத்திரை என்று சொல்லி அனுப்பிவிட்டு, மூன்றாம் நான்காம் நாளில் ஒருமுறை பார்த்து, ஐந்திலிருந்து பத்தாம் நாளுக்குள் செய்யுங்கள். வீங்கிய மூக்கில் எலும்பு எங்கே நிற்கிறது என்று கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது. நேராகிவிட்டது என்று நினைத்து அனுப்புவீர்கள், வீக்கம் வடிந்ததும் கோணல் வெளியே வரும்.

மறுபக்கம், பெரியவர்களுக்கு இரண்டு வாரம் தாண்டினால் எலும்பு ஒட்டத் தொடங்கிவிடும். குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம், ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ‘வீக்கம் நல்லா குறையட்டும்’ என்று மூன்று வாரம் கழித்து வருபவரை என்ன இழுத்தும் பயனில்லை. ஆறு மாதம் கழித்து செப்டோரைனோபிளாஸ்டி (செப்டத்தையும் மூக்கையும் சீரமைக்கும் ஆபரேஷன்) என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் முதல் நாளே ஓ.பி. சீட்டில் திரும்ப வர வேண்டிய தேதியைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொடுங்கள்.

5. யாருக்கு லோக்கல் போதும், யாருக்குப் போதாது

எளிய முறிவு, எலும்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, ஆள் பெரியவர், சொல்வதைக் கேட்டு அசையாமல் படுப்பார் என்றால் லோக்கல் போதும். இப்படிப்பட்ட கேஸ்களில் முழு மயக்கத்தில் செய்வதற்கும் இதற்கும் பலனில் பெரிய வித்தியாசம் வருவதில்லை.

குழந்தைகள், ஊசியைக் கண்டாலே துள்ளுபவர்கள், குடித்துவிட்டு வந்தவர்கள், செப்டம் மோசமாக மடிந்து போனவர்கள், எலும்பு பொடிப்பொடியாக நொறுங்கியவர்கள் என்று இவர்களுக்கெல்லாம் முழு மயக்கம்தான். குடித்தவரை மறுநாள் வரச் சொன்னால் எதுவும் கெட்டுப்போகாது, செப்டத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கேட்க வேண்டியவை: லிக்னோகைன் (மரத்துப்போக வைக்கும் மருந்து) அலர்ஜி, இதய நோய், பி.பி., ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, எடை. எடையை ஏன் கேட்கிறேன் என்பது 8-இல் வரும்.

6. நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியது

வலி போய்விடும், ஆனால் அழுத்தம் தெரியும், ‘டக்’ என்ற சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்கும். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டால், அந்தச் சத்தம் வரும்போது ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார், உங்கள் கருவி அவர் மூக்குக்குள் இருக்கும்.

மேலுதடும் கன்னமும் தடித்துப்போன மாதிரி இருக்கும், அது வாதம் இல்லை, இரண்டு மூன்று மணி நேரத்தில் சரியாகும் என்பதையும் சொல்லுங்கள். வலித்தால் பேச வேண்டாம், தலையை ஆட்ட வேண்டாம், இடது கையை உயர்த்தினால் போதும், நான் நிறுத்திவிடுவேன் என்று ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். கை உயர்ந்தால் உண்மையிலேயே நிறுத்தவும் வேண்டும்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது, மூக்கு நூறு சதவீதம் பழைய மாதிரி ஆகாமல் போகலாம், பிறகு ஆபரேஷன் தேவைப்படலாம் என்று வாயால் சொல்லி வாங்குங்கள். தூக்க மருந்து எதுவும் கொடுக்கப்போவதில்லை என்றால் பட்டினி போட வேண்டியதில்லை. இரண்டு இட்லி சாப்பிட்டு வருபவரைவிட, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருபவர்தான் ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுகிறார்.

7. கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியவை

ஆளைப் படுக்க வைப்பதற்கு முன்பே எல்லாம் டிரேயில் இருக்க வேண்டும். வால்ஷம் ஃபோர்செப்ஸ் ஒரு ஜோடி. வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. வெளியே வரும் தாடையில் ரப்பர் குழாய் மாட்டியிருக்கும், அது தோல் நசுங்காமல் இருக்கத்தான், ஆட்டோகிளேவில் போய்ப் போய் வெடித்திருந்தால் மாற்றுங்கள். செப்டத்துக்கு ஆஷ் ஃபோர்செப்ஸ். எலும்பைத் தூக்க பாய்ஸ் எலிவேட்டர். பிறகு ஸ்பெக்குலம், பஞ்சு வைக்க டில்லி ஃபோர்செப்ஸ், வேலை செய்கிறதா என்று ஒருமுறை போட்டுப் பார்த்த சக்‌ஷன், ஹெட்லைட், கிட்னி டிரே, பேக், மைக்ரோபோர் டேப், பி.ஓ.பி. (பிளாஸ்டர் துணி).

ஐ.வி. லைன் போட்டு, பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் பி.பி. கஃபும் மாட்டிவிடுங்கள். அட்ரோபின், மிடசோலம், ஆக்ஸிஜன், ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) அதே அறையில் இருக்க வேண்டும். 20% லிப்பிட் எமல்ஷன் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சிஸ்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். லிக்னோகைன் அளவு மீறினால் காப்பாற்றும் மருந்து அதுதான். 70 கிலோவுக்குக் குறைந்தவருக்கு முதல் டோஸ் கிலோவுக்கு 1.5 மி.லி.

தலைப்பக்கத்தை ஏறக்குறைய 30 டிகிரி உயர்த்துங்கள். மூக்கில் ரத்தக்கசிவு குறையும், வருகிற ரத்தத்தை அவர் துப்பவும் முடியும்.

8. உள்ளே மரத்துப்போக வைப்பது

முதலில் கணக்கு. லிக்னோகைன் தனியாக என்றால் கிலோவுக்கு 4.5 மி.கி., அட்ரினலின் சேர்த்தது என்றால் கிலோவுக்கு 7 மி.கி. என்பது மேல் வரம்பு. உள்ளே வைப்பது, ஊசியில் போவது இரண்டையும் கூட்டி, குறைந்த வரம்புக்குள்ளேயே நிற்கப் பாருங்கள். 60 கிலோ ஆளுக்கு அது 270 மி.கி. 4% திரவத்தில் 1 மி.லி.க்கு 40 மி.கி., 2% ஊசியில் 1 மி.லி.க்கு 20 மி.கி. பேக்குக்கு 3 மி.லி., ஊசிக்கு 5 மி.லி. என்றால் 120-ம் 100-ம் சேர்ந்து 220. இதற்கு முன்னால் தொண்டையிலும் மூக்கிலும் 10% ஸ்ப்ரே அடித்தால் ஒவ்வொரு அழுத்துக்கும் 10 மி.கி. கூடும், அதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மூக்குச் சவ்வைச் சுருக்க 4% லிக்னோகைனோடு ஆக்ஸிமெட்டசோலின் சேர்த்துக்கொள்வது எனக்குப் பிடித்த வழி. சில இடங்களில் ஆயிரத்தில் ஒன்று அட்ரினலினைக் கலப்பார்கள். அப்படிச் செய்தால் அதைக் கிண்ணத்தில் ஊற்றுங்கள், சாயம் ஒரு சொட்டு விடுங்கள், சிரிஞ்சில் மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். டிரேயில் பெயர் எழுதாத இரண்டு சிரிஞ்சு இருந்தால், ஒருநாள் இல்லை ஒருநாள் பஞ்சில் நனைத்து வைக்க வேண்டியது தோலுக்குள் ஊசியாகப் போகும், இதயம் தாங்காது. சுருக்கும் மருந்தால் பி.பி. ஏறினாலும் பதறி பீட்டா பிளாக்கர் போடாதீர்கள், நுரையீரலில் நீர் கோத்துவிடும் ஆபத்து உண்டு. பேக்கை எடுத்துவிட்டு, மயக்க மருத்துவரைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் தானாக இறங்கும்.

நூல் கட்டிய பஞ்சுத் துண்டுகளை நனைத்து, நன்றாகப் பிழிந்து வையுங்கள். பிழியாமல் வைத்தால் பாதி மருந்து தொண்டைக்குள் இறங்கும், ஆள் இருமுவார், அளவும் தெரியாது. ஒரு பக்கத்துக்கு மூன்று துண்டு. ஒன்று மூக்குத்தண்டின் உட்புறமாக மேலே. முன் எத்மாய்ட் நரம்பு அங்கேதான் வருகிறது. இரண்டாவது, நடு டர்பினேட்டின் (மூக்கின் பக்கச் சுவரிலிருந்து நீளும் எலும்பு மடிப்பு) பின்முனையை நோக்கி ஆழத்தில், ஸ்ஃபீனோபாலட்டைன் பகுதிக்கு. மூன்றாவது தரையோடு செப்டத்தை ஒட்டி. புதியவர்கள் மூன்றையும் வாசலிலேயே திணித்துவிடுகிறார்கள், ஆழத்தில் மரத்துப்போகவே இல்லை, எலிவேட்டர் மேலே போனதும் அலறல். எத்தனை துண்டு வைத்தீர்கள் என்று பலகையில் எழுதுங்கள், நூல்களைக் கன்னத்தில் ஒட்டுங்கள்.

இனி பத்திலிருந்து பதினைந்து நிமிடம். கடிகாரம் பார்த்து. அந்த நேரத்தில் கேஸ் ஷீட் எழுதலாம், போட்டோவை மறுபடி பார்க்கலாம்.

9. வெளியே ஊசி

2% லிக்னோகைன், இரண்டு லட்சத்தில் ஒன்று அட்ரினலினோடு, மெல்லிய 27 அல்லது 30 கேஜ் ஊசியில். ஒவ்வொரு முறையும் பின்னிழுத்துப் பார்த்து, மெதுவாகச் செலுத்துங்கள். இந்தப் பகுதி ரத்தக்குழாய்களுக்குக் கண்ணின் ரத்தக்குழாய்களோடு தொடர்பு உண்டு, அழுத்தி வேகமாகத் தள்ளுவது பார்வைக்கே ஆபத்து. வேகமாகப் போட்டால் வலியும் கூடும்.

போட வேண்டிய இடங்கள் இருபுறமும் மூன்று. முதலாவது இன்ஃப்ராஆர்பிட்டல் நரம்பு: நேராகப் பார்க்கும் கண்பாவைக்கு நேர் கீழே, கண்குழி விளிம்புக்குச் சுமார் ஒரு செ.மீ. கீழே. இடது ஆள்காட்டி விரலை விளிம்பின்மேலேயே வைத்திருங்கள், ஊசி வழுக்கிக் கண்ணுக்குள் ஏறாமல் அது காவல். நரம்பு வெளிவரும் எலும்புத் துளைக்குள் ஊசியை நுழைக்க வேண்டாம், வாசலில் 1 மி.லி. போதும். இரண்டாவது இன்ஃப்ராட்ரோக்ளியர்: கண்ணின் உள்முனைக்குச் சற்று மேலே, மூக்கு வேரின் பக்கவாட்டில் அரை மி.லி. மூன்றாவது வெளி நாசி நரம்பு: மூக்கெலும்பு முடிந்து குருத்தெலும்பு தொடங்கும் இடத்தில், நடுக்கோட்டிலிருந்து அரை செ.மீ.க்குச் சற்று அதிகமாக விலகி அரை மி.லி.க்கும் குறைவாக. தேவைப்பட்டால் செப்டத்தின் அடிப்பகுதியில் கொஞ்சம்.

மூக்குத்தண்டின்மேல் தாராளமாக மருந்து ஏற்றுவது புதியவர்களின் பழக்கம். ஒரு வாரம் காத்திருந்து வடிய வைத்த வீக்கத்தை ஊசியால் திரும்பக் கொண்டுவந்தால் எப்படி? போட்ட இடத்தைப் பஞ்சால் மெல்ல அழுத்தித் தேய்த்துப் பரப்பிவிடுங்கள்.

மறுபடி ஐந்து பத்து நிமிடம். இந்த நேரத்தில் அவரோடு பேசிக்கொண்டே இருங்கள். வாயைச் சுற்றி மதமதப்பு, காதில் இரைச்சல், நாக்கில் இரும்புச் சுவை, திடீரென்று உளறல் என்று எது வந்தாலும் மருந்து அளவு மீறுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மேலுதடு மரப்பது இன்ஃப்ராஆர்பிட்டல் ஊசியால் வருவதுதான், கீழுதடும் நாக்கும் மரத்தால்தான் யோசிக்க வேண்டும். பிறகு ஊசி முனையால் தோலையும், எலிவேட்டர் நுனியால் உள்ளே மேல்பகுதியையும் தொட்டுச் சோதியுங்கள். வலிக்கிறது என்றால் வரம்புக்குள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். வரம்பு முடிந்தும் வலித்தால் நிறுத்திவிட்டு முழு மயக்கத்துக்கு நாள் குறியுங்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

10. எலும்பை நகர்த்துவது

பஞ்சுத் துண்டுகளை எண்ணி எடுங்கள். எலிவேட்டரை மூக்கின் வெளியே, பக்கவாட்டில் வைத்து, மூக்குத்துளை விளிம்பிலிருந்து மூக்கு வேர் வரை அளந்து, அதில் ஒரு செ.மீ. குறைத்த இடத்தில் கட்டைவிரலை வையுங்கள். அந்த விரல் மூக்குத்துளையைத் தொட்டதும் நின்றுவிட வேண்டும். அதற்கு மேலே போனால் 1-இல் சொன்ன சல்லடை எலும்பு.

உள்ளே அமுங்கிய பக்கத்திலிருந்து தொடங்குங்கள். வலப்பக்கம் அடி வாங்கியவருக்கு வலது எலும்பு உள்ளே போயிருக்கும், இடது எலும்பு வெளியே தள்ளியிருக்கும். வெளியே தெரியும் இடது மேட்டை முதலில் அழுத்தத்தான் கை போகும். ஆனால் வலது எலும்பு சிக்கியபடி இருக்கும்வரை இடது எலும்புக்குத் திரும்பிவர இடமே இல்லை. எலிவேட்டரை வலது எலும்பின் அடியில் வைத்து, முன்னோக்கியும் வெளியே பக்கவாட்டிலும் தூக்குங்கள், அதே சமயம் மற்ற கையின் கட்டைவிரலால் இடது எலும்பை நடுக்கோட்டை நோக்கித் தள்ளுங்கள். ஆள்காட்டி விரல் நுனி வெளியே தோலின்மேல் எலிவேட்டரின் நுனியை உணர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

முழுக் கருவியையும் ஒரே தளத்தில் உயர்த்துங்கள். மூக்குத்துளையின் எலும்பு விளிம்பில் ஊன்றி நெம்புகோல்போல் நெம்பினால் நுனி உள்ளே செப்டத்தைக் கிழிக்கும், விளிம்பும் வலிக்கும், எலும்பு மட்டும் நகராது.

இறுகச் சிக்கிய எலும்புக்கு வால்ஷம். மெல்லிய தாடை உள்ளே, ரப்பர் மாட்டியது வெளியே. எலும்பைப் பிடித்து முதலில் வெளிப்பக்கமாகத் திருப்பிச் சிக்கலை விடுவித்து, பிறகு உட்பக்கமாகத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். வலது இடது மாற்றி எடுத்துவிட்டால் தாடை சரியாக உட்காராது, தோல்தான் நசுங்கும்.

அந்த ‘டக்’ உங்கள் விரலிலும் தெரியும். தெரியாமலும் நகரலாம், அதனால் சத்தத்துக்காக இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள். ஒன்று இரண்டு முறை உறுதியாக, நிதானமாக. பத்து முறை மெல்ல மெல்ல அசைத்தால் வீக்கம்தான் ஏறும், எலும்புத் துண்டு நிலையில்லாமல் ஆடும்.

11. செப்டம்

எலும்பு நடுவுக்கு வந்த பிறகும் மூக்கின் கீழ்ப்பாதி ஒரு பக்கம் இழுத்தால், செப்டம் மடிந்தோ, கீழே இருக்கும் காடியிலிருந்து நழுவியோ நிற்கிறது. ஆஷ் ஃபோர்செப்ஸின் இரண்டு தாடைகளையும் இரு மூக்கிலும் தரையோடு விட்டு, செப்டத்தைப் பிடித்து, முன்னோக்கித் தூக்கி நேராக்குங்கள். இறுக்கிப் பிடிக்காதீர்கள், சவ்வு கிழியும். எலும்பை மட்டும் சரிசெய்து செப்டத்தை விட்டுவிடுவதால்தான் பல மூக்குகள் ஒரு மாதத்தில் மறுபடி சாய்கின்றன. சாய்ந்த செப்டம் எலும்பைத் தன் பக்கமே இழுக்கும். மிகவும் நொறுங்கிய செப்டம் இந்த முறைக்கு அடங்காது, அதோடு மல்லுக்கட்டாமல் சீனியரிடம் விட்டுவிடுங்கள்.

பிறகு தலைமாட்டில் போய் நின்று, நெற்றியிலிருந்து கீழ்நோக்கி மூக்குத்தண்டைப் பாருங்கள். கோணல் தெரிய இதைவிட நல்ல இடம் இல்லை. ஈரக் கையுறை விரலால் மேலிருந்து கீழே தடவினால் படி இருந்தால் தட்டுப்படும். பழைய போட்டோவைச் சிஸ்டரைப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். உள்ளே ஸ்பெக்குலம் வைத்து செப்டத்தில் புதிதாக ரத்தக்கட்டு உண்டாகிறதா, கிழிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தோலில் வெட்டுக்காயம் இருந்தால் இப்போது தையுங்கள். முதலிலேயே தைத்துவிட்டு எலும்பைத் தூக்கினால் தையல் பிய்ந்துவிடும். டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்றும் கேட்டுவிடுங்கள்.

12. பேக், பிளாஸ்டர்

பேக் எல்லோருக்கும் வேண்டாம். ரத்தம் நிற்காவிட்டாலோ, எலும்புத் துண்டு உள்ளே சரிந்தாலோ, செப்டத்தைத் திறந்திருந்தாலோ வையுங்கள், 24 முதல் 48 மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். தளர்வாக, தாங்கும் அளவுக்கு மட்டும். இறுக்கித் திணித்தால் நீங்கள் நடுவுக்குக் கொண்டுவந்த எலும்பைப் பேக்கே வெளியே தள்ளும்.

பிளாஸ்டருக்கு முன் தோலைத் துடைத்து உலர வைத்து, மைக்ரோபோரைக் குறுக்காக, ஓடு வேய்வதுபோல் ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி மேலிருந்து கீழே ஒட்டுங்கள். கண்களை ஈரப் பஞ்சால் மூடுங்கள். எட்டு மடிப்பு பி.ஓ.பி.யைக் காகித அளவுபடி வெட்டி, நனைத்துப் பிழிந்து, மூக்கின் இரு பக்கமும் கன்னம் தொடும்வரை அச்சுபோல் படிய வைத்து, இறுகும்வரை விரலால் பிடித்திருங்கள். அழுத்த வேண்டாம். பி.ஓ.பி. இறுகும்போது சூடாகும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்ணின் உள்முனையில் ஓரம் குத்தினால் அப்போதே வெட்டிவிடுங்கள், இரவெல்லாம் குத்தினால் அவரே பிய்த்துப் போட்டுவிடுவார்.

13. வீட்டுக்கு அனுப்புவது, திரும்பப் பார்ப்பது

அரை மணி நேரமாவது உட்கார வைத்துவிட்டு அனுப்புங்கள். தொண்டையிலும் மருந்து இறங்கியிருக்கும், ஒன்றிரண்டு மணி நேரம் எதுவும் குடிக்க வேண்டாம், புரையேறும். உதடு மரத்திருக்கும்போது சூடான காபி வேண்டவே வேண்டாம்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் வேண்டாம். இரண்டு தலையணை வைத்துப் படுப்பது, மூக்கைச் சிந்தாமல் இருப்பது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முவது, உப்புத் தண்ணீர்ச் சொட்டு, பிளாஸ்டர் நனையாமல் குளிப்பது. மூக்கடைப்புச் சொட்டு மருந்து ஐந்து நாளுக்கு மேல் போகக்கூடாது. கண்ணாடி போடுபவருக்குப் பிளாஸ்டர் எடுத்த பிறகும் நாலைந்து வாரம் மூக்கில் பாரம் விழக்கூடாது, நெற்றியில் டேப் ஒட்டித் தாங்க வைக்கலாம். கபடி, கால்பந்து, கிரிக்கெட் எல்லாம் ஆறு வாரம் கழித்து.

மூக்கு இரு பக்கமும் திடீரென்று அடைப்பது, வலி குறையாமல் ஏறுவது, காய்ச்சல், தெளிவான நீர் வடிவது, பார்வை மங்குவது, தாங்காத தலைவலி ஆகியவற்றில் எது வந்தாலும் நாள் பார்க்காமல் உடனே வரச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் மறந்துபோகும், சீட்டில் எழுதிக்கொடுங்கள்.

ஒன்றிரண்டு நாளில் ஒருமுறை செப்டத்தைப் பார்க்க வேண்டும், முதல் நாள் இல்லாத ரத்தக்கட்டு பிறகு வரலாம். மூன்று நான்கு நாளில் வீக்கம் வடிந்து பிளாஸ்டர் தொளதொளவென்று ஆகிவிட்டால் அது எதையும் தாங்கவில்லை, புதிதாகப் போடுங்கள். ஏழாம் நாள் வாக்கில் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் தோலைத் துடைத்து, அதே கோணங்களில் மறுபடி படம் எடுங்கள். இன்னும் கோணல் இருந்து, அடிபட்டு இரண்டு வாரம் தாண்டாமல் இருந்தால் இன்னொரு முறை முயலலாம். தாண்டிவிட்டால் எலும்பை விட்டுவிட்டு, மூன்று மாதத்தில் ஒருமுறை மூச்சும் வடிவமும் எப்படி இருக்கிறது என்று பார்த்து, தேவையென்றால் ஆறு மாதத்துக்குப் பிறகான ஆபரேஷனுக்குப் பெயரைப் பதிவு செய்யுங்கள்.